ரூபாய்க்கு நாலணா

அன்புள்ள ஐயா,

நான் தேவகோட்டைக்காரன், பெங்களூரில் வேலை. எங்கள் நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் ‘ரிப்போர்ட் கார்டு’ சுற்றிக்கொண்டிருக்கிறது. பெயரைக் கீழே எழுதியிருக்கிறேன். வருகைப் பதிவு, கேட்ட கேள்விகள், பங்கெடுத்த விவாதங்கள் என்று எல்லாவற்றுக்கும் எண் இருக்கிறது. எல்லாவற்றிலும் சராசரிக்கு மேலேதான் இருக்கிறார். ஆனால் விவாதங்களின் பட்டியலைப் பார்த்தால் சுகாதாரம், வங்கி, வெளியுறவு என்றுதான் வருகிறது. நம் பக்கத்துக் கண்மாய், ரயில், வேலைவாய்ப்பு பற்றி அதிகமில்லை. குழுவில் பெரிய சண்டை. வெளியுறவு பற்றி ஒருவர் பேசி நமக்கு என்ன வரப்போகிறது? சுகாதாரம் மாநிலப் பொறுப்புதானே? நாடாளுமன்றத்தில் பேசுவதால் உண்மையில் ஏதாவது நடக்கிறதா? ஏன் ஆங்கிலத்தில் பேசுகிறார் என்றும் ஒருவர் கேட்டார். எங்களைப் போன்ற சாதாரண ஆட்கள் ஒரு எம்.பி.யின் பங்களிப்பை எப்படித்தான் மதிப்பிடுவது?

அன்புடன்,
ந.

அன்புள்ள ந.,

உறுப்பினரின் பெயரையும் கட்சியையும் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். அவை இருந்தால் யாரும் மேற்கொண்டு படிக்கமாட்டார்கள், சட்டையைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் ஊரில் இருந்தேன். பெரிய வீட்டில் எங்கள் பங்குக்கு உள்ள அறையைக் காலி செய்துகொண்டிருந்தோம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலிருந்து பழம்பொருள் கடைக்காரர் ஒருவர் வந்திருந்தார். வளவில் உட்கார்ந்து பித்தளை அண்டா, எனாமல் தூக்கு, பர்மா அரக்குக் கிண்ணம் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து விலை சொல்லிக்கொண்டிருந்தார். அப்பத்தாவின் பெட்டகத்தில், அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்கும் கீழே, ஒரு வங்கிப் பாஸ்புக் கிடந்தது. நான் தொட்டிலில் கிடந்த காலத்திலேயே அந்த வங்கியை மூடிவிட்டார்கள். கடைக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்கு இருநூறு ரூவா தர்றேங்கய்யா, இப்ப இதையெல்லாம் கண்ணாடி போட்டு மாட்டுறாங்க” என்றார்.

சாயங்காலம் உங்கள் கடிதம். சுகாதாரம், வங்கி, வெளியுறவு. ‘நமக்கு என்ன வரப்போகிறது’ என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். பாஸ்புக் அப்போது என் சட்டைப்பையில் இருந்தது.

முதலில் திட்டிவிடுகிறேன். அந்த உறுப்பினர் பேசியதில் ஒரு பக்கமாவது படித்தீர்களா? கடிதத்தில் எண்கள் இருக்கின்றன, அவர் சொன்ன ஒரு வாக்கியம் இல்லை. ஜாதகக் கட்டத்தை வைத்துக்கொண்டு மாப்பிள்ளை நல்லவனா என்று சண்டை போடுகிற வேலை இது. மக்களவை, மாநிலங்களவை விவாதங்கள் முழுக்க இணையத்தில் கிடைக்கின்றன. 1950-களில் பேசியதைக்கூட எடுக்கலாம். இதைப் படிக்கக் கட்டணம் இல்லை, சிபாரிசு வேண்டாம். பெங்களூரில் உட்கார்ந்து ஒரு கிரிக்கெட் ஆட்டம் பார்க்கிற நேரத்தில் ஒருவருடைய ஐந்து உரைகளை முடித்துவிடலாம்.

வருகைப் பதிவு என்பது பல காலம் பதிவேட்டில் கையெழுத்தாகத்தான் இருந்தது. போட்டுவிட்டுக் கேன்டீனுக்குப் போனாலும் வருகைதான். அமைச்சர்கள் அதில் கையெழுத்தே போட்டதில்லை, அதனால் அவர்கள் யாரும் வரவில்லை என்று ஆகிவிடுமா? கேள்விகளின் எண்ணிக்கையும் இப்படித்தான். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, குறியிடாதவை 230. யாருடைய கேள்வி வரும் என்பது குலுக்கல். நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்லவேண்டும், அங்கேயே துணைக் கேள்வி கேட்டு அவரை மடக்கலாம். இருபதில் நாலைந்துதான் அந்த ஒரு மணி நேரத்துக்குள் வாய்க்கு வரும். மற்றதெல்லாம் காகிதப் பதில். மடக்கிய கேள்வியும் மடித்து வைத்த காகிதமும் உங்கள் கார்டில் ஆளுக்கு ஒன்று. இதற்கு மேல் அந்தக் கார்டைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமையில்லை.

வெளியுறவுக்கு வருகிறேன். தேவகோட்டையிலிருந்து ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. தம்பி, உங்கள் வீட்டுத் தூணைப் போய்த் தொட்டுப் பாருங்கள். அது பர்மாத் தேக்கு.

1937 பிப்ரவரி 10 அன்று எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். ஒரே நாளில் மூன்று ஊர்களில் திறந்தார்கள்: காரைக்குடி, சென்னை, ரங்கூன். அன்றைக்கு ரங்கூன் வெளிநாடு கிடையாது, பிரிட்டிஷ் இந்தியாவில் அது ஒரு மாகாணத்துத் தலைநகரம். சரியாக ஐம்பதாவது நாள், ஏப்ரல் 1, பர்மாவை இந்தியாவிலிருந்து பிரித்தார்கள். உள்ளூர்க் கிளையாகத் திறந்தது வெளிநாட்டுக் கிளையாகிவிட்டது. கட்டடம் அதே இடத்தில் இருந்தது, கல்லாப்பெட்டி அதே இடத்தில் இருந்தது, கோடு மட்டும் நடுவில் விழுந்தது. அந்தக் கோட்டைப் போட்ட சட்டம் இயற்றப்பட்டது லண்டன் நாடாளுமன்றத்தில், 1935-இல். காரைக்குடியில் யாரையும் கேட்கவில்லை. வெளியுறவு, வங்கி என்று உங்கள் கார்டு இரண்டு கட்டங்களில் பிரித்துப் போட்டிருக்கிறதே, எங்கள் ஊரில் அவை ஒரே பேரேட்டில் எதிரெதிர்ப் பக்கங்கள்.

எங்கள் ஐயா, அப்பத்தாவின் வீட்டுக்காரர், பர்மாவில் பெகு என்ற ஊரில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக இருந்தார். மேலாளுக்குக் கீழே, பெட்டியடிப் பையனுக்கு மேலே. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. அடுத்த வருஷம் நடந்தே வந்தவர்களில் அவரும் ஒருவர். அவர் முதலாளி இல்லை, அவருக்கென்று வயல் எதுவும் கிடையாது. ஆனால் முதலாளிமார் வீடுகளில் பல வருஷம் ஒரு பேச்சு உண்டு: “நஷ்டஈடு வரும்.” 1948-இல் பர்மா அரசாங்கம் நிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டம் கொண்டுவந்தது. நஷ்டஈடு என்ற சொல் சட்டத்தில் இருந்தது. எனக்குத் தெரிந்த வீடுகளுக்கு வந்தது அந்தச் சொல் மட்டும்தான். 1964 மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, மிச்சமிருந்தவர்களும் மூட்டையைக் கட்டினார்கள்.

இங்கே நம் ஆட்களையும் கொஞ்சம் திட்டவேண்டியிருக்கிறது. கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1938-இல் 25 சதவீதம். யாரும் போய் ஏர் பூட்டி அதைச் சம்பாதிக்கவில்லை. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது, கடன் வாங்கிய பர்மியக் குடியானவனால் கட்ட முடியவில்லை, ஈட்டுக்கு வைத்த வயல் கைமாறியது. வட்டிக்கடைக்காரருக்கு நிலம் வேண்டாம், பணம்தான் வேண்டும் என்பதும் உண்மை. ஆனாலும் எட்டு வருஷத்தில் கால்வாசி வயல் போன குடியானவனுக்கு அந்த உண்மை என்ன பிரயோஜனம்? எழுபது வருஷமாக நஷ்டஈட்டைப் பற்றிப் பேசிய முகப்புகளில் அவனுடைய நஷ்டத்தைப் பற்றி ஒரு பேச்சு நான் கேட்டதில்லை. வெளியுறவு பற்றி ஒரு உறுப்பினர் பேசினால், நம் பாக்கியை மட்டும் கேட்கிறாரா, எதிர்ப்பக்கத்தையும் படித்துவிட்டு வந்தாரா என்று பாருங்கள்.

இந்தியாவில் அரசாங்கம் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட நாடாளுமன்றத்தின் முன் அனுமதி தேவையில்லை. போட்ட பிறகு வந்து சொல்வார்கள். 1964 அக்டோபர் 30 அன்று நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்டார்கள்: இலங்கை மலையகத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நெல் மூட்டையைக்கூட இன்னும் கொஞ்சம் கவனமாகப் பங்கு வைப்பார்கள். கச்சத்தீவும் இந்த வழிதான். 1974 ஜூன் கடைசியில் கையெழுத்து, ஜூலை 23 அன்று அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில் அறிக்கை வைத்தார். அன்று இரா. செழியனும் ராமநாதபுரம் உறுப்பினர் பி.கே. மூக்கையாத் தேவரும் எழுந்து எதிர்த்தார்கள். ஒப்பந்தம் நிற்கவில்லை. ஆனால் இன்றைக்கும் கச்சத்தீவு பற்றி யார் வாயைத் திறந்தாலும் அந்த ஒரு நாளின் பக்கங்களுக்குத்தான் போகவேண்டியிருக்கிறது. பேசினால் என்ன நடக்கிறது என்று கேட்டீர்களே, பல சமயம் நடப்பது இவ்வளவுதான். இது குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, பாஸ்புக்.

ஐயா வெறுங்கையோடு நடந்து வந்த பிறகு அப்பத்தாவுக்குக் கடைகளில் நம்பிக்கை போய்விட்டது. தன் சிறுவாட்டுப் பணத்தையும் நகை விற்ற பணத்தையும் சேர்த்து 2,300 ரூபாயை, கட்டடமும் கண்ணாடி போட்ட கல்லாவும் உள்ள ஒரு வங்கியில் கொண்டுபோய்ப் போட்டாள். “மனுசன் ஓடிப்போவான், கட்டடம் ஓடுமா” என்று சொல்வாளாம். கட்டடம் ஓடவில்லை. ஒரு நாள் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பிறகு கலைப்பு அதிகாரி என்று ஒருவர் பல வருஷம் கணக்குப் பார்த்து, மூன்று தவணைகளில், ரூபாய்க்கு நாலணா கொடுத்தார். தவணை வாங்கப் போன ஒவ்வொரு தடவையும் பஸ் செலவு தனி. அந்தக் கணக்கையும் பாஸ்புக்கின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடம் போகாதவள். ஆனால் கணக்கு எழுதத் தெரியாத பெண் எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் அபூர்வம்.

அப்போது அவளைப் போன்றவர்களுக்கு ஒரு பாதுகாப்பும் கிடையாது. 1960-இல் கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடப்பட்டது, நாடே ஆடிப்போனது. அதற்குப் பிறகுதான் வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகச் சட்டம் 1961-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 1962 ஜனவரி 1 முதல், வங்கி முழுகினால் ஒரு ஆளுக்கு 1,500 ரூபாய் வரை நிச்சயம். அப்பச்சி, அதாவது எங்கள் அப்பா, அதைப் பேப்பரில் படித்துச் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது. அப்பத்தா வெற்றிலை மடித்தபடியே கேட்டாள்: “இனிமே போடுறவளுக்கா? போட்டவளுக்கு?”

அப்பச்சியிடம் பதில் இல்லை. டெல்லியிடமும் இருந்திருக்காது.

அந்த 1,500 என்ற எண்ணை நான் அன்றிலிருந்து தொடர்ந்து வந்திருக்கிறேன், சிலர் தங்க விலையைத் தொடர்வதுபோல. 1968-இல் 5,000. 1970-இல் 10,000. 1976-இல் 20,000. 1980-இல் 30,000. 1993 மே மாதம் ஒரு லட்சம். இதுவரை பாருங்கள், பதின்மூன்று வருஷத்துக்கு மேல் இடைவெளி விழவில்லை. அப்புறம்? அப்புறம் 2020 பிப்ரவரி 4 வரை அதே ஒரு லட்சம். இருபத்தேழு வருஷம் கிட்டத்தட்ட. 1993-இல் என் சின்னப்பச்சி காரைக்குடியில் மனை வாங்கிப் பதிவுச் செலவும் போக ஒரு லட்சத்தில் மிச்சம் வைத்திருந்தார். 2019-இல் அதே சின்னப்பச்சி மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு லட்சம் ஐந்து நாள் தாங்கவில்லை. ஆனால் வங்கி முழுகினால் அவருக்கு டெல்லி தருவதாகச் சொன்னது அந்த ஒரு லட்சம்தான்.

எது அதை அசைத்தது? 2019 செப்டம்பரில் மும்பையில் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கிக்குக் கட்டுப்பாடு விதித்து, ஆளுக்கு 1,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்றார்கள். தெருவில் வயதானவர்கள் பாஸ்புக்கோடு நின்று அழுததை எல்லோரும் பார்த்தோம். நாலைந்து மாதத்தில் வரம்பு ஐந்து லட்சமாக ஏறியது. அதுவரை வங்கியைக் கலைக்க உத்தரவு வந்தால்தான் காப்பீட்டுப் பணம் வரும் என்றிருந்தது. கட்டுப்பாடு வந்த 90 நாளில் கொடுக்கவேண்டும் என்று 2021-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அறுபது வருஷம் தாமதமாக அப்பத்தாவின் பஸ் செலவை யாரோ கவனித்தார்கள்.

இந்த வரம்பை ஏற்றுவதற்குப் புதுச் சட்டமே தேவையில்லை, மத்திய அரசின் ஒப்புதல் போதும். யாராவது ஒருவர் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும், ஒவ்வொரு கூட்டத்தொடரிலும், சலிக்காமல் கேட்டிருந்தால் போதும். கேட்டவர்கள் இருந்திருக்கலாம். விடாமல் கேட்கவில்லை என்பதற்கு அந்த இருபத்தேழு வருஷமே சாட்சி. வங்கியைப் பற்றி உங்கள் உறுப்பினர் பேசினார் என்கிறீர்கள். பெரிய கம்பெனிகளின் வாராக்கடனைப் பற்றிப் பேசினாரா, இதைப் பற்றிப் பேசினாரா? முன்னதைப் பேசினால் கைதட்டு கிடைக்கும்.

இன்னொன்று. நீங்கள் சாதாரண ஆள் என்று சொல்லிக்கொண்டதால் சொல்கிறேன். ஐந்து லட்சம் என்பது அசலும் வட்டியும் சேர்த்து. ஒரே வங்கியின் தேவகோட்டைக் கிளையில் மூன்று லட்சமும் பெங்களூர்க் கிளையில் நான்கு லட்சமும் போட்டிருந்தாலும் எல்லாம் சேர்ந்து ஐந்துதான். பிரீமியத்தை வங்கி கட்டுகிறது, 2020-இல் அது 100 ரூபாய்க்கு 10 பைசாவிலிருந்து 12 பைசா ஆனது. ஊரில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் உங்கள் அப்பச்சி போட்டு வைத்திருக்கிறாரா? அதற்கு இந்தக் காப்பீடு கிடையாது. நிதி நிறுவனத்துக்கும் கிடையாது. தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் நிதி நிறுவனங்கள் வரிசையாக விழுந்தபோது மாநில அரசு 1997-இல் தனிச் சட்டம் கொண்டுவரவேண்டியிருந்தது. அரசியல் சட்டத்தில் வங்கி மத்தியப் பட்டியலில் இருக்கிறது, வட்டிக்கடை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. காரைக்குடியில் ஒரே தெருவில் எதிரெதிரே இருக்கும் இரண்டு கடைகளுக்கு மேலே இரண்டு அரசாங்கங்கள். நடுவில் விழுகிற பணம் யாருடையது என்று ஓர் உறுப்பினர் கேட்டால், அவருக்கு நான் ஊர்ச்செலவில் மாலை போடுவேன்.

எப்படி மதிப்பிடுவது என்றீர்கள். கடன் வசூலுக்குப் போகிற பெட்டியடிப் பையனை எப்படி மதிப்பிடுவார்கள் என்று ஐயா சொல்லியிருக்கிறார். எத்தனை வீட்டுக்குப் போனான் என்று மேலாள் கேட்கமாட்டாராம். “நாளைக்கு வா” என்று சொன்ன வீட்டுக்கு நாளைக்குப் போனானா? அதுதான் கேள்வி. டெல்லியிலும் “நாளைக்கு வா” உண்டு. அமைச்சர் சபையில் ‘பரிசீலிக்கப்படும்’, ‘தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்’ என்று சொன்னால் அது வாக்குறுதி என்று குறிக்கப்படும். மூன்று மாதத்தில் நிறைவேற்றவேண்டும். அதைப் பின்தொடர்வதற்கென்றே அரசாங்க உறுதிமொழிக் குழு என்று ஒன்று மக்களவையில் 1953-லிருந்து இருக்கிறது. உங்கள் உறுப்பினருக்குக் கிடைத்த ‘நாளைக்கு வா’ எத்தனை, எத்தனைக்குத் திரும்பப் போனார்? இதற்கு எந்தக் கார்டிலும் எண் இல்லை. நீங்கள்தான் உட்கார்ந்து எடுக்கவேண்டும்.

திரும்பப் போனவர்கள் இருக்கிறார்கள். எல்.ஐ.சி. தொடங்கி ஒன்றேகால் வருஷம்கூட முழுதாக ஓடவில்லை, தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளில் பாலிசிதாரர் பணம் சுமார் 1 கோடியே 24 லட்சத்தைப் போட்டிருந்தார்கள். சபையில் அதை நோண்டி எடுத்தவர்களில் பெரோஸ் காந்தி முக்கியமானவர். 1957 டிசம்பர் 16 அன்று அவர் பேசிய உரையைப் படியுங்கள். ஆளும் கட்சிக்காரர், பிரதமரின் மருமகன். எதிரே இருந்த நிதியமைச்சர் நம்மூர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. விசாரிக்கச் சாக்ளா ஆணையம் வந்தது, 1958 பிப்ரவரியில் டி.டி.கே. விலகினார். சபையில் பேசுவதைப் பத்திரிகைகள் பயமில்லாமல் அச்சடிக்கலாம் என்ற 1956-ஆம் ஆண்டுச் சட்டமும் இதே பெரோஸ் காந்தி தனிநபர் மசோதாவாக, அதாவது அமைச்சர் அல்லாத உறுப்பினராக, கொண்டுவந்ததுதான். அவருடைய மனைவி பிரதமராக இருந்த நெருக்கடி நிலைக் காலத்தில் அதை நீக்கினார்கள், 1977-இல் திரும்ப வந்தது. தனிநபர் மசோதாவெல்லாம் கண்துடைப்பு என்று உங்கள் குழுவில் யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு அப்படிச் சட்டமானவை மொத்தமே 14, கடைசி 1970-இல். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சுகாதாரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இன்னொரு கடிதமாகிவிடும். ஆஸ்பத்திரி மாநிலப் பட்டியல், மருத்துவக் கல்வி பொதுப்பட்டியல், மருந்து விலைக் கட்டுப்பாடு மத்திய அரசின் கையில். மாநிலப் பொறுப்பு என்று கைகழுவ முடியாது. மதுரை தோப்பூரில் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரி 27. இரண்டு வருஷம் கழித்து வந்த தேர்தலில், கட்டியது இவ்வளவுதான் என்று ஒரு செங்கல் மேடை ஏறியதும், சனம் சிரித்ததும் உங்களுக்கே தெரியும். சிரித்து முடித்த பிறகு சபையில் தேதி கேட்டவர் யார், தேதி தவறியபோது மறுபடி கேட்டவர் யார் என்று பாருங்கள். பெட்டியடிப் பையன் கணக்குத்தான்.

தமிழா ஆங்கிலமா என்பதை விட்டுவிடுங்கள். தாய்மொழியில் பேச அரசியல் சட்டத்தின் 120-ஆவது பிரிவு இடம் தருகிறது, தமிழில் பேசினால் அச்சில் மொழிபெயர்ப்பு என்று ஓர் அடிக்குறிப்போடு வரும். எந்த மொழியில் கேட்டால் அமைச்சர் நழுவ முடியாதோ அந்த மொழியில் கேட்கட்டும். கண்மாய்க்கு வேறு ஆள் இருக்கிறார்கள்: ஊராட்சித் தலைவர், சட்டமன்ற உறுப்பினர், நீர்வளத் துறை. எல்லாவற்றுக்கும் எம்.பி. வீட்டுத் திண்ணையில் போய் நிற்பது நமக்குப் பழகிப்போய்விட்டது. அவர்களும் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் வந்து தலைகாட்டிவிட்டு, சபையில் வாயைத் திறக்காமலே ஐந்து வருஷம் ஓட்டிவிடுகிறார்கள்.

கடுமையாகப் பேசிவிட்டேன். நீங்கள் கேட்டதில் பாதிக்குப் பதில் வரவில்லை என்றும் தெரிகிறது. வாட்ஸ்அப்பில் சண்டை போட்டுவிட்டு அதோடு விடாமல் எனக்கு உட்கார்ந்து எழுதினீர்களே, அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஒரு உதவி வேண்டும். உங்கள் உறுப்பினருக்கு வங்கியில் அக்கறை இருக்கிறது என்றால், அவர் கேட்பதற்கு ஒரு கேள்வி எழுதி வைத்திருக்கிறேன். சபை நடைமுறைப்படியே:

(அ) வைப்புத்தொகைக் காப்பீட்டு வரம்பை விலைவாசியோடு சேர்த்து, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒரு முறை தானாக ஏற்றும் திட்டம் அரசிடம் உள்ளதா;

(ஆ) தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் பணம் போட்டவர்களையும் அதற்குள் கொண்டுவர உத்தேசமா;

(இ) ஆம் எனில் எப்போது, இல்லை எனில் ஏன்?

இதை நல்ல ஆங்கிலத்தில் ஆக்கி அவருடைய அலுவலகத்துக்கு அனுப்புங்கள். பதினைந்து நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்கவேண்டும், அதனால் கூட்டத்தொடர் தேதி பார்த்து அனுப்புங்கள். ‘(அ) முதல் (இ) வரை: பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தால் எனக்கு எழுதுங்கள், அடுத்த கூட்டத்தொடருக்கு மறுபடி அனுப்புவோம். பாஸ்புக்கை நான் கடைக்காரருக்குக் கொடுக்கவில்லை. இருநூறை முந்நூறாக்கினார். அப்பத்தா இருந்திருந்தால் ஐந்நூறு வரை ஏற்றியிருப்பாள்.